நேர்காணல் குழுவுக்கு ‘முத்திரை குத்துதல்’ பற்றி 90 நிமிட வகுப்பு: எதை வைப்பது, எதை விடுவது?

வரிக்குதிரை (கேள்வி)

வணக்கம். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் குழுக்களில் உட்காரப்போகும் 20 பேருக்கு 90 நிமிட வகுப்பு. ஒருவரை அவர் சார்ந்த கூட்டத்தை வைத்து எடைபோடும் பழக்கம்தான் பொருள். இப்போதைக்கு வைத்திருக்கும் திட்டம் இது: முதலில் எல்லோரும் கணினியில் ஐஏடி (மனத்தில் மறைந்திருக்கும் சாய்வை அளக்கும்) சோதனை செய்வது, அடுத்து “இந்தச் சாய்வு எல்லா மனிதரிடமும் இருக்கிறது” என்று விளக்குவது, கடைசியில் “முன்முடிவுகளைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்” என்று சொல்லி முடிப்பது.

மூன்று சந்தேகம். ஒன்று, இந்த வரிசை வேலை செய்யுமா? இரண்டு, “கொஞ்சமாவது உண்மை இல்லாமலா எல்லோரும் சொல்கிறார்கள், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். அறிவுரையாக இல்லாமல் கணக்காக என்ன பதில் சொல்லலாம்? மூன்று, பேசிக்கொண்டே இருக்காமல் கையால் செய்துபார்க்கும்படி ஏதாவது பயிற்சி உண்டா?

நடுவெழுத்து

உங்கள் மூன்று படியிலும் வழுக்கும் இடம் இருக்கிறது. கடைசியிலிருந்து வருகிறேன்.

“முன்முடிவை வெளியே விடுங்கள்” என்று கட்டளை இட்டால் என்ன ஆகும் என்று உளவியலாளர் மக்ரேயும் உடன் மூவரும் 1994-இல் சோதித்தார்கள். மொட்டைத்தலை ‘ஸ்கின்ஹெட்’ (முரடர்கள் என்று பெயரெடுத்த கூட்டம்) இளைஞன் ஒருவனின் படத்தைக் காட்டி, அவனுடைய ஒரு நாளை எழுதச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும் வழக்கமான முத்திரையைத் தவிர்க்கச் சொன்னார்கள். தவிர்த்தார்கள். ஆனால் கட்டளை இல்லாமல் வேறொரு ஸ்கின்ஹெட்டைப் பற்றி அடுத்து எழுதியபோது, அடக்கி எழுதியவர்களிடம்தான் முத்திரை அதிகமாக வெளிப்பட்டது. அவன் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்பட்ட நாற்காலியிலிருந்து தள்ளி உட்கார்ந்தவர்களும் இவர்களே. ஒரு நினைப்பை அடக்க வேண்டுமானால் அது வருகிறதா என்று மனம் ஓயாமல் எட்டிப்பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதே அதைச் சூடாக வைத்திருக்கிறது.

நடுப்படி இன்னும் மோசம். டுகுயிட், தாமஸ்-ஹன்ட் இருவரும் 2015-இல் காட்டியது: “பெரும்பாலானவர்கள் இப்படித்தான் முத்திரை குத்துகிறார்கள்” என்ற செய்தி முத்திரையைக் கூட்டுகிறது. ஊரோடு ஒத்துப்போகிற மனம் அதை அனுமதியாக எடுத்துக்கொள்கிறது. எல்லோரிடமும் இருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டுமானால், “பெரும்பாலானவர்கள் இதைத் தாண்ட முயல்கிறார்கள்” என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அப்போது அந்தக் கூடுதல் வருவதில்லை.

ஐஏடி 1998-இல் கிரீன்வால்டும் இருவரும் கொண்டுவந்தது. எந்தச் சொல்லை எந்தக் கூட்டத்தோடு எவ்வளவு விரைவாக இணைக்கிறீர்கள் என்பதை மில்லிவினாடியில் அளக்கும். கூட்டங்களின் சராசரியை ஆராய அது நல்ல கருவி, தனி ஆளைக் கண்டறிய ஆகாது. ஒரே ஆள் மறுபடி செய்தால் இரு மதிப்பெண்ணுக்கும் இடையிலான தொடர்பெண் (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை) சுமார் 0.5தான். 20 பேர் வகுப்பில் சிலருக்கு ‘சாய்வு இல்லை’ என்று வந்துவிடும். அவர்கள் அதைச் சான்றிதழாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள், மற்றவர்கள் கருவியோடு சண்டைக்கு நிற்பார்கள். 90 நிமிடத்தில் 30 அங்கேயே போய்விடும்.

மனத்தைத் துலக்கப் பார்க்காமல், முடிவெடுக்கும் நடைமுறையைத் திருத்துங்கள். உல்மன், கோஹன் (2005) செய்த காவல்துறைத் தலைவர் சோதனையை வகுப்பின் நடுத்தூணாக வைக்கலாம். ஒரு விண்ணப்பதாரருக்குத் தெரு அனுபவம், இன்னொருவருக்குப் படிப்பு. ஆணுக்குப் படிப்பு இருந்தபோது “இந்த வேலைக்குப் படிப்புதான் முக்கியம்” என்றார்கள். அதே படிப்பு பெண்ணுக்கு இருந்தபோது அதன் முக்கியம் குறைந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. பிடித்தவரைச் சுற்றித் தகுதி வளைந்துகொண்டது, அவ்வளவுதான். விண்ணப்பதாரர் யார் என்று தெரியும் முன்பே எது முக்கியம் என்று எழுதிவைத்தவர்களிடம் இந்தச் சாய்வு காணாமல் போனது.

நாலாம்_கட்டம்

நடுவெழுத்து சொன்னதை நடைமுறையாக்கினால் இப்படி வரும்.

விண்ணப்பக் கட்டைப் பிரிக்கும் முன் குழு நான்கைந்து தகுதிகளை எழுதி, எதற்கு எத்தனை விழுக்காடு என்று பிரித்து, எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு தகுதிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், அதில் 1, 3, 5 மூன்றுக்கும் எப்படிப்பட்ட பதில் என்று ஒரு வரி விளக்கம். இது இல்லாவிட்டால் ஒருவருடைய 3 இன்னொருவருடைய 4 ஆகிவிடும். எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. பதில் முடிந்த கையோடு ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு மூடிவைத்துவிட வேண்டும். கலந்துபேசுவது அதற்குப் பிறகு. தலைவர் கடைசியில் பேச வேண்டும், முதலில் பேசினால் மற்றவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

பலர் தவறவிடுவது இது: எல்லோரையும் பார்த்து முடித்த பின் குறிப்புகளை ஆள்வாரியாகப் படிக்காதீர்கள், கேள்விவாரியாகப் படியுங்கள். முதல் கேள்விக்கு எல்லோருடைய பதிலும், பிறகு இரண்டாவதற்கு. ஆள்வாரியாகப் படித்தால் முதல் பதிலின் வாசனை கடைசிப் பதில்வரை ஏறிவிடும்.

தகுதிப் பட்டியலை நடுவில் மாற்ற வேண்டிவந்தால் மாற்றலாம், தப்பில்லை. ஆனால் முன்னால் வந்த அத்தனை பேருக்கும் மதிப்பெண்ணைத் திருத்தி எழுத வேண்டும். இந்த ஒரு விதி இருந்தாலே பாதி மாற்றங்கள் கைவிடப்படும்.

இப்படி ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று கட்டமைத்த நேர்காணல் உண்மையில் மேலா என்று கேட்டால்: சாக்கெட் குழுவின் 2022 மறுகணக்கில், பின்னாளைய வேலைத்திறனோடு அதன் தொடர்பெண் 0.42. மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலுக்கு 0.19.

பெயரை மறைப்பது பற்றியும் கேட்பார்கள். பெயர் மட்டுமே கதவை மூடுகிறது என்பதற்குச் சான்று பலமானது. பெர்ட்ரண்ட், முல்லைநாதன் (2004) சிகாகோ, பாஸ்டன் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். வெள்ளையர் பெயருக்குப் பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. அதே தகுதியில் கறுப்பர் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. இந்தியாவில் தோரட், அட்டெவெல் 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் 4,808 விண்ணப்பங்களில் தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு வாய்ப்பு குறைந்தே இருந்தது. இருந்தும் மறைத்தால் எங்கும் நன்மை என்று சொல்லிவிட முடியாது. பிரான்சில், தாமாக முன்வந்த நிறுவனங்களில் பெயரை மறைத்துப் பார்த்தபோது சிறுபான்மையினருக்கு வாய்ப்பு குறைந்தது. அந்த நிறுவனங்கள் ஏற்கெனவே அவர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துவந்திருக்கின்றன, முகமூடி அதையும் மறைத்துவிட்டது. எனவே முதலில் உங்கள் பழைய பதிவேட்டைப் பாருங்கள். மறைப்பதாக முடிவு செய்தால் பெயரோடு நிற்காதீர்கள். முகவரி, படித்த இடம், பொழுதுபோக்கு மூன்றும் பெயரைவிட உரக்கப் பேசும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் நடைமுறையில் சேர்ப்பதில்லை. வேர்ட், ஸன்னா, கூப்பர் (1974) கவனித்தது: வெள்ளையர் நேர்காணலர்கள் கறுப்பினத்தவரிடமிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள், கால்வாசி நேரம் முன்பே முடித்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் குளிர்ந்த பாணியைப் பயிற்சியாகக் கொடுத்து வெள்ளையர் விண்ணப்பதாரர்களிடம் காட்டச் செய்தபோது, அவர்களும் மோசமாகப் பதில் சொன்னார்கள். நாற்காலி தூரமும் நேரமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விருந்தோம்பல் விஷயம் இல்லை. அளவுகோல் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான். கடிகாரம் வையுங்கள்.

சராசரியன்

இரண்டாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

பானைச் சோற்றுப் பழமொழி தப்பே இல்லை. பானைக்குள் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ, ஒரே நேரம். பருக்கைக்குப் பருக்கை வேறுபாடு கிட்டத்தட்டச் சுழி. அதனால் ஒன்றை நசுக்கினால் மற்றதும் தெரியும். மாதிரி எத்தனை வேண்டும் என்பதை உள்வேறுபாடு தீர்மானிக்கிறது. மனிதக் கூட்டம் எதுவானாலும், உள்ளுக்குள் இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் இருப்பதைவிடப் பெரியது.

“சராசரி வித்தியாசம் நிஜமாகவே இருந்தால்?” என்பார்கள். இருக்கட்டும், மறுக்க வேண்டாம். இரண்டு கூட்டங்களின் சராசரிகள் அரைத் திட்டவிலக்க (ஒரு கூட்டத்துக்குள் ஆட்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு) அளவு, அதாவது 0.5, விலகியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சமூக அறிவியலில் அதை நடுத்தர வித்தியாசம் என்பார்கள், கண்ணுக்கே தெரியும். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆளை எடுத்து, ‘உயர்ந்த’ கூட்டத்து ஆள்தான் மேல் என்று பந்தயம் கட்டினால், 100-க்கு 64 முறை ஜெயிப்பீர்கள். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். வித்தியாசம் 0.2 என்றால் 56. ‘பெரியது’ எனப்படும் 0.8-க்குக்கூட 71தான், 29 பேரிடம் தோற்கிறீர்கள். இந்த மூன்று எண்களையும் பலகையில் எழுதுங்கள், வாதம் தானாகத் தணியும்.

அடுத்தது, அந்த 64 கூட ஆளைப் பற்றி வேறு எதுவுமே தெரியாதபோதுதான். வேலைக்கான மாதிரிப் பணி ஒன்றைக் கொடுத்து அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்த்துவிட்டால், கூட்டத்தின் சராசரி சேர்க்கும் தகவல் மிகச் சொற்பம். சிக்கல் என்னவென்றால், மனம் அப்படிக் கூட்டிக்கழிப்பதில்லை. புதுத் தகவலைப் பழைய முத்திரையின் வழியாகப் படிக்கிறது. டார்லி, கிராஸ் (1983) ஒரு சிறுமியின் காணொளியைக் காட்டினார்கள். சிலருக்கு அவள் வசதியான சூழலில், சிலருக்கு வறிய சூழலில். அத்தோடு நிறுத்தியபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மதிப்பீடுதான் கொடுத்தன. அதன்பின் அவள் ஒரு தேர்வில் பதில் சொல்லும் காட்சியைக் காட்டினார்கள், இரு தரப்புக்கும் அதே காட்சி. இப்போது ஒரு தரப்பு “வகுப்புக்கு மேல்” என்றது, மறு தரப்பு “வகுப்புக்குக் கீழ்” என்றது. சான்று வந்த பிறகுதான் பிளவு வந்தது, இரு தரப்பும் அந்தச் சான்றையே காட்டி வாதிட்டிருக்கும்.

கைப்பயிற்சி

மூன்றாவதற்கு: ஹாமில்டன், கிஃபோர்ட் (1976) சோதனையை வகுப்பறைக்கு எளிதாகக் கொண்டுவரலாம். 25 நிமிடம் போதும்.

39 சீட்டு தயாரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம்: “அ குழுவைச் சேர்ந்த ஒருவர் நண்பரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தார்” மாதிரி. அ குழுவுக்கு 26: நல்ல செயல் 18, கெட்ட செயல் 8. ஆ குழுவுக்கு 13: நல்லது 9, கெட்டது 4. இரண்டிலும் விகிதம் 9-க்கு 4, துல்லியமாக ஒன்றே. கலைத்துவிட்டு, சீட்டுக்கு ஏழெட்டு வினாடி வீதம் ஒரே குரலில் ஒருமுறை மட்டும் படியுங்கள். முடிந்ததும் தாளில் எழுதச் சொல்லுங்கள்: ஆ குழுவின் 13-இல் கெட்டது எத்தனை? அ குழுவின் 26-இல் எத்தனை? ஆ குழுவுக்குக் கெட்டதை உள்ளதைவிடக் கூடுதலாக எழுதுவதுதான் வழக்கமாக வரும் விளைவு. பிறகு விகிதத்தைப் பலகையில் போடுங்கள்.

கெடும் இடங்கள்: உண்மையான கூட்டப் பெயர் எதையும் வைக்காதீர்கள், பழைய கருத்துகள் புகுந்து எல்லாம் குழம்பிவிடும். கை தூக்கச் சொல்லாதீர்கள், பக்கத்தில் பார்த்துத் தூக்குவார்கள். கெட்ட செயல்களில் கொலை, கொள்ளை வேண்டாம். ஒன்றே ஒன்று மனதில் நின்றுவிடும். விளைவு பெரிதல்ல, 20 பேரின் சராசரியில்தான் தெரியும். வகுப்பு 10 பேருக்குக் குறைந்தால் தெரியாமலே போகலாம். “உங்களில் யார் மாட்டிக்கொண்டீர்கள்” என்று ஆளைக் கேட்கவே கூடாது.

ஏன் இப்படி ஆகிறது? அரிதான கூட்டமும் அரிதான செயலும் சேரும்போது அந்தச் சேர்க்கை கண்ணை இழுக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அப்படியெல்லாம் இல்லை, சிறிய மாதிரியிலிருந்து விகிதத்தைச் சரியாகக் கற்றுக்கொள்ள முடியாததன் விளைவுதான் என்று பின்னால் ஃபீட்லர் முதலானோர் வாதிட்டார்கள். வகுப்புக்கு எந்த விளக்கமானாலும் பயன் ஒன்றே: வெறுப்பே இல்லாமல், சம விகிதத்திலிருந்தே தப்பெண்ணம் முளைக்க முடியும். நல்ல செயலை அரிதாக்கிச் சீட்டை மாற்றினால் சின்னக் குழுவுக்கு நல்ல பெயர் கூடும். நேரம் இருந்தால் அதையும் செய்யுங்கள், கேள்விகளைவிட வேகமாகச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

வரிக்குதிரை

மிக்க நன்றி. ஐஏடியை எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு: மதிப்பெண் தாளில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எழுதப்படுவதை எப்படிக் கட்டுப்படுத்துவது? இடைவேளையில் யாராவது “அந்தப் பக்கத்து ஆளுங்கல்லாம் அப்படித்தான்” என்று பேச்சுவாக்கில் சொன்னால், கூட இருப்பவர் என்ன செய்யலாம்?

வினைச்சொல்

குறிப்புக் கட்டம்தான் நான் முதலில் பார்க்கும் இடம்.

செமின், ஃபீட்லர் 1988-இல் சொற்களை நான்கு படியாக அடுக்கினார்கள். தமிழில் சொன்னால்: மேசையைத் தட்டினார், மிரட்டினார், வெறுக்கிறார், முரடர். கீழ்ப்படியில் நடந்தது மட்டும். மேலே ஏற ஏற நடந்தது மறைந்து ஆளே குற்றமாகிறார். மாஸ் குழு (1989) இத்தாலியில் குதிரைப் பந்தயத்தில் மோதும் பேட்டைக்காரர்களிடம் இதைச் சோதித்தது. சொந்தப் பேட்டைக்காரரின் நல்ல செயலும் எதிர்ப் பேட்டையின் கெட்ட செயலும் மேல்படிச் சொல்லில் வந்தன. சொந்தக் கெட்டதும் எதிரியின் நல்லதும் கீழ்ப்படியிலேயே நின்றன. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை கிடையாது.

தமிழில் கூடுதலாக ஒரு பள்ளம் உண்டு. “தாமதமாக வந்தார்” ஒரு நிகழ்ச்சி. “தாமதமாகத்தான் வருவார்” என்றால் எதிர்கால வடிவமே வழக்கத்தைச் சொல்லிவிடுகிறது, ஒருமுறை நடந்தது குணமாகிறது. அப்புறம் ‘சோம்பேறி’. கெல்மன், ஹேமன் (1999) குழந்தைகளிடம் ஒரு சிறுமி “கேரட் நிறையச் சாப்பிடுவாள்” என்றும், அவள் “கேரட்தின்னி” என்றும் இருவிதமாகச் சொன்னார்கள். பெயராகச் சொன்னபோது, அது அவளை விட்டு மாறாது என்று குழந்தைகள் அதிகம் நம்பினார்கள். நம் மொழியில் காரர், பேர்வழி, ஆள், டைப் எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஆகவே தாளில் ஒரே விதி: குறிப்பு இறந்தகால வினையில் முடிய வேண்டும், அவர் சொன்னது அல்லது செய்தது மட்டும். “தன்னம்பிக்கை இல்லாதவர்” கூடாது. “மூன்றாம் கேள்விக்கு இரண்டு முறை பதிலை மாற்றினார்” சரி. குறிப்பை முதலில் எழுதி மதிப்பெண்ணைப் பிறகு போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் மதிப்பெண்ணுக்கு ஏற்பக் குறிப்பு எழுதப்படும். ‘குழுவோடு ஒத்துப்போவாரா’ என்ற கட்டம் இருந்தால் அடித்துவிடுங்கள். ‘நம்மைப் போல இருக்கிறாரா’ என்பதற்கு அது நாகரிகப் பெயர்.

மறுபக்கம்

ஐஏடியைத் தள்ளியது சரி. ஆனால் மனத்துப் பக்கத்தை முழுவதும் கைவிட வேண்டாம். டிவைன் குழுவின் 2012 ஆய்வு 12 வாரம் நடந்தது. முத்திரை எழும்போது கவனித்து மாற்றுவது, எதிர்மாறான ஆளை நினைப்பது, தனி விவரம் தேடுவது, அவர் இடத்தில் நின்று பார்ப்பது, பழகும் வாய்ப்பைக் கூட்டுவது என்று ஐந்து உத்திகள். 2017-இல் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது ஐஏடி மதிப்பெண்ணில் நிலையான மாற்றம் இல்லை. ஆனால் சாய்வைக் கவனிப்பதும் அதைத் தப்பென்று நினைப்பதும் கூடின. சிறியதுதான், ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. ஐந்தில் ‘தனி விவரம் தேடுவது’ நாலாம்_கட்டத்தின் கேள்வித்தாளோடு பொருந்தும், அதற்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

நடுவெழுத்து

இடைவேளைப் பேச்சுக்கு. “நானாக இருந்தால் உடனே கண்டித்திருப்பேன்” என்று எல்லோரும் நினைப்பார்கள். கவகாமி குழு (2009) இனவெறிப் பேச்சை ஒரு சாராருக்கு விவரித்தது, இன்னொரு சாராரை அந்தப் பேச்சு நடக்கும் அறையிலேயே உட்காரவைத்தது. விவரிக்கக் கேட்டவர்கள் கொதித்துப்போவோம் என்றார்கள். நேரில் இருந்தவர்கள் அவ்வளவாகக் கலங்கவும் இல்லை, பேசியவரை ஒதுக்கவும் இல்லை. ஆகவே வாக்கியத்தை முன்பே தயார் செய்து வகுப்பில் வாயால் இரண்டு முறை சொல்லவையுங்கள். அந்த நேரத்தில் தோன்றும் என்று நம்ப வேண்டாம்.

சொன்னால் பயன் உண்டா? ஸோப், மொன்டீத், மார்க் (2006): சுட்டிக்காட்டப்பட்டவர்களுக்குச் சொன்னவர்மேல் எரிச்சல் வந்தது, ஆனாலும் பின்னர் அவர்கள் முத்திரை குத்துவது குறைந்தது. எரிச்சலைத் தோல்வி என்று எண்ணிப் பின்வாங்காதீர்கள். பாதிக்கப்படும் கூட்டத்தைச் சாராதவர் சொன்னால் ‘இவர் மிகைப்படுத்துகிறார்’ என்ற பேச்சும் குறைவாகவே எழும். அதனால் இதைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டாதீர்கள்.

வாக்கியம் குட்டியாக, கேள்வியாக இருக்கட்டும். வினைச்சொல் சொன்ன அதே படியில் பேச்சைக் கீழே இறக்குவதுதான் வேலை. பெரியவரிடம், “ஐயா, இப்ப சொன்னது ஒருத்தரையா, எல்லாரையுமா?” சமவயதுக்காரரிடம், “யாரை வெச்சு சொல்றீங்க, என்ன செஞ்சார் அவர்?” பெரும்பாலும் ஒரே ஒரு ஆளும் ஒரே ஒரு சம்பவமும்தான் வெளியே வரும். வந்ததும், “சரி, அவர் அப்படி செஞ்சிருக்கார்” என்று ஒருமையில் முடித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

வரிக்குதிரை

‘எல்லாரும்’ என்று வரும் இடத்திலெல்லாம் அந்தக் கேள்வி என்றால், ஜோடி ஜோடியாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் இதையே பயிற்சியாக வைக்கலாம் போல. 39 சீட்டு 25, மூன்று எண் 10, தகுதித் தாள் எழுதுவது 30, குறிப்புத் திருத்தம் 10, தனி விவரம் 5, இது 10. மொத்தம் 90. ஐஏடி கேட்டு வருபவர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் பாக்கி.

நடுவெழுத்து

“கூட்டத்தை அளக்கும் கோல், ஆளை அளக்காது” என்று சொல்லி, சராசரியனின் 64-ஐக் காட்டுங்கள். இரண்டும் ஒரே கணக்குதான்.